ஒன்பதாவது துணி

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ர வருமா, ற வருமா என்று சந்தேகம் வந்த இடங்களில் கிரீஸ் விரலால் கொஞ்சம் தேய்த்துவிட்டிருக்கிறேன். எது சரியோ அதையே நான் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களுக்கு நான் மெக்கானிக். கார் என்ஜினைப் பிரித்தது வாழ்க்கையில் ஒரே தடவை. அது என் அண்ணன் அந்தோணியின் அம்பாசடர். காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில், பூனை குட்டி போடுவதற்கென்றே நாலு வருடமாக நின்றது. அண்ணன் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். நெஞ்சு முழுக்கத் தூசி. "ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசை.

"எங் கார்ல வேளாங்கண்ணி போய்ட்டு வந்துடணும். வேன்ல கீன்ல ஏத்துனீங்க, எறங்கி நடந்துடுவேன்." (பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியாதவர்.) "உன்னால முடியுமாடா?"

எனக்குக் கூச்ச சுபாவம். முடியாது என்று சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே! தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் ஷெட்டிலேயே கிடந்தேன். எங்கள் பக்கம் காலையில் துடைத்த ஜன்னல் மத்தியானம் நிலக்கரித் தூசியில் கறுத்துவிடும். திறந்த என்ஜினுக்குள் அந்தத் தூசி போகக் கூடாது. அண்ணனுடைய நீலக்கட்டம் போட்ட லுங்கி ஒன்றைக் கிழித்து எல்லா ஓட்டைகளையும் அடைத்தேன். ஒன்பது துணி. மூடும்போது எடுத்தது எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டுதான். முதலில் எண்ணியதுதான் தப்பு, நம் படிப்பு அவ்வளவுதான் என்று முடிவு செய்து போல்ட்டை முறுக்கினேன்.

கிளம்புகிற அன்று அண்ணி பின் சீட்டில் மாத்திரைப் பையோடும் புளிச்சாதத்தோடும் உட்கார்ந்தார். அண்ணன் முன்னால். வெள்ளைச் சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. சாவியைத் திருகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே கை தட்டியது. (எனக்கு யாரும் கை தட்டியதே இல்லை. கூச்சத்தில் ஹாரனை அடித்துவிட்டேன்.)

மெயின் ரோட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டார்.

"இன்னாடா அது, செவப்பா எரியுது?"

என்ஜினுக்குள் ஆயில் ஏறவில்லை என்று சொல்லும் விளக்கு. அந்த நொடியே ஒன்பதாவது துணி ஞாபகம் வந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் என்ஜின் பிழைத்திருக்கும். அண்ணன் ஜன்னலில் கையை வைத்து, எதிரில் வந்த பஸ்ஸையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா லைட்டுண்ணா," என்றேன்.

"லைட்டுன்னு எனுக்கும் தெரிதுடா."

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில், காரின் அடியிலிருந்து டகடகவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு முனகல். என்ஜின் இறுகி, கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. ஒரு டிரைவர் தலையை நீட்டினார்.

"யோவ், இன்னா ரோட்டுல மியூசியம் வெச்சினுகீற?"

நான் ஸ்டியரிங்குக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அண்ணன்தான் பதில் சொன்னார்.

"கோச்சுக்காத நைனா. வேளாங்கண்ணி போறோம். மாதாவே இங்க வரேன்னு சொல்லிகீது, வெய்ட் பண்ணிகினுகீறோம்!"

சிரித்தார். சிரிப்பு இருமலானது. அந்த இருமல் நிற்கவே இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

மறுநாள் என்ஜினின் அடித்தொட்டியைக் கழற்றினேன். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் உறிஞ்சும் வாயை அடைத்துக்கொண்டு, கறுத்துப்போய், நீலக்கட்டம்.

"டேய், என் லுங்கிடா! ரெண்டு மாசமா தேடிகினுகீறேன்."

துணியைக் காட்டிய விரலை என் பக்கம் திருப்பினார்.

"நான் போய்ட்டா எம் மூக்குல பஞ்சு நீதாண்டா வெக்கணும். வெச்சத எடுக்கவே எடுக்காத ஆளு நீ ஒருத்தன்தான்."

"வாயக் கழுவுய்யா," என்று அண்ணி துண்டால் அடித்தார். நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

புது பேரிங் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார். பஞ்சை நான்தான் வைத்தேன். வாசல் நிறைய ஜனம். அண்ணி அழுதுகொண்டே என் பக்கம் குனிந்து, "எண்ணிக்கோ தம்பி," என்றார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யார் எதை மூடினாலும், குக்கரோ பெட்டியோ, "எண்ணியாச்சா?" என்று ஒரு குரல் வரும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இன்று காலை கல்லறையில் அண்ணி மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு என்னை எண்ணச் சொன்னார்.

எண்ணினேன். ஒன்பது.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள்.