ஏலத்துக்கு வந்த பிளாட்டின இருதயம்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், மயிலாப்பூர்,
14 செப்டம்பர் 1948

மகா கனம் பொருந்திய மச்சான் அகஸ்டின் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஐரினின் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். தங்கள் முழங்கால் வலி, அக்காவின் இருமல், கோலார் தங்கவயலில் தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் தேவ கிருபையால் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அவற்றைக் கவனிக்கவும்.

நான் தங்கள் தங்கைக்கு வெள்ளியில் ஒரு லாக்கெட் வாங்கிக் கொடுத்தேன், அதைத் திராவகத்தில் போடப் பார்த்தேன், பிறகு மாதா கோயில் ஏலத்தில் கலாட்டா செய்தேன் என்று இதற்குள் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். இதில் முதல் விஷயம் அபாண்டம். மற்ற இரண்டும் நடந்தவைதான். ஆனால் அவற்றுக்குக் காரணம் உண்டு, அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

வருகிற மாதம் மூன்றாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அன்று சாமியார் எங்கள் இருவரையும் பீடத்தின் முன் மறுபடி நிற்க வைத்து ஜூபிலி பூசை வைக்கப் போகிறார். அதற்கு ஐரின் கழுத்தில் ஒரு லாக்கெட் இருக்க வேண்டும், இருதய வடிவில், திறந்தால் உள்ளே நாங்கள் இருவரும் தெரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்த உலோகம் என்பதுதான் கேள்வி. தங்கவயலில் உத்தியோகம் பார்க்கும் தாங்கள் தங்கம் என்பீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் முப்பது வருஷம் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தவன். எங்கள் லெபாரட்டரியில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாட்டினக் கம்பி உண்டு. அதில் உப்பைத் தொட்டு நெருப்பில் காட்டினால் ஜுவாலை மஞ்சளாகும், பையன்கள் கை தட்டுவார்கள். எத்தனை ஆயிரம் தடவை அதை நெருப்பில் நீட்டியிருப்பேன்! அந்தக் கம்பி உருகினதில்லை, நிறம் மாறினதில்லை, முகம் சுளித்ததில்லை. சாயங்காலம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டும்போதெல்லாம் எனக்கு ஐரின் ஞாபகம் வரும். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தங்கம் எந்த மூலைக்கு? இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தங்களுக்கு எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தாங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

மயிலாப்பூர்க் கடைகளில் பிளாட்டினம் கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் தியாகராய நகரில் வெள்ளைச்சாமி என்று தெற்கத்திக்காரர் ஒருவருடைய கடையில் கிடைத்தது. “சார், தங்கத்தை ஊரே போடுது. இது சமஸ்தானத்து ராணிமாருக போடுறது. இன்னொண்ணு கேளுங்க, திருடன் கண்ணுக்கு இது வெள்ளியாத்தான் தெரியும், தொடவே மாட்டான்” என்றார். இந்தக் கடைசிப் பேச்சில் நான் கவிழ்ந்துவிட்டேன். திருடன் கண்ணுக்கு வெள்ளியாகத் தெரிவது மற்றவர்கள் கண்ணுக்கும் வெள்ளியாகத்தானே தெரியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

தேவமாதா பிறந்த திருநாளுக்குக் கொடி ஏறிய அன்று ஐரினிடம் கொடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்து பார்த்து, “வெள்ளியாங்க?” என்றாள். பிளாட்டினம் என்றேன். “சரி, சரி. வெள்ளின்னு சொன்னா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?” என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டாள். நவநாள் ஜெபத்துக்குப் போன இடத்தில், அபிராமபுரத்து லூயிசா அம்மாள், ரிட்டையரான டிப்டி கலெக்டரின் சம்சாரம், தங்களுக்குத் தெரியும், அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, “ஏன் ஐரின், மாஸ்டருக்குப் பென்ஷன் கம்மியா?” என்று கேட்டுச் சிரித்தாராம். அன்று ஐரின் வீட்டுக்கு வந்ததும் லாக்கெட்டைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். பிறகு போடவே இல்லை. கேட்டால், “திருவிழாவுக்குப் போட்டுக்கறேன்” என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஊரில் கண்டவரிடமெல்லாம் அது பிளாட்டினம், பிளாட்டினம் என்று சொல்லத் தொடங்கினேன். டிராமில் சொன்னேன், தபாலாபீசில் சொன்னேன், பால்காரரிடமும் சொன்னேன். அவர், “வெள்ளின்னா இன்னா சார், கேவலமா? எங்க வூட்ல அது கூட கெடையாது” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஒருவராவது நம்ப வேண்டுமே!

ஆகவே விஞ்ஞான முறைப்படி தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளியை நைட்ரிக் திராவகத்தில் போட்டால் கரையும். பிளாட்டினத்தைப் போட்டால் அப்படியே கிடக்கும். இதைக் கேட்டதும் ஐரின் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “பொண்டாட்டிக்குக் குடுத்த நகையைத் திராவகத்துல போடுற புருஷனை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேணாங்க, நான் நம்பறேன், விட்டுடுங்க” என்றாள். இரக்கப்பட்டு நம்புவது எனக்குப் பிடிக்காது. நீ நம்ப வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு சின்ன பாட்டில் திராவகம் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது டிராம் கண்டக்டர் மடியில் என்ன என்று கேட்க, நான் உண்மையைச் சொல்ல, அவர் மணியை அடித்து வண்டியை நிறுத்தி என்னை நடுவழியில் இறக்கிவிட்டார். லஸ் முனையிலிருந்து பாட்டிலோடு நடந்தே வந்தேன்.

வந்து பார்த்தால் லாக்கெட் இல்லை. “மாதாவுக்குக் காணிக்கை போட்டுட்டேன்” என்றாள் ஐரின். நம் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. கண்நோவுக்கு வெள்ளியில் கண், கால்நோவுக்கு வெள்ளியில் கால் என்று மாதா பாதத்தில் வைப்பார்கள். எனக்கு எங்கே நோவு என்று கத்தினேன். “உங்க புத்தி தெளியணும்னு நேர்ந்துக்கிட்டேன். புத்திக்குன்னு உருவம் செய்யறதில்லையே, அதான் இருதயமாப் போட்டேன்” என்றாள். சாமியாரிடம் ஓடினேன். காணிக்கைப் பெட்டியில் அது மேலேயே கிடந்தது. கை நீட்டினேன். சாமியார் பெட்டியை மூடினார். “மாதாவுக்குப் போட்டது மாதாவுடையது. வேண்டுமானால் திருவிழா ஏலத்தில் எடுத்துக்கொள்ளும்” என்றார். ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடலாமே என்று பாட்டிலைக் காட்டினேன். அவர் உபதேசியார் பவுல்சாமியைக் கூப்பிட்டு, என்னையும் பாட்டிலையும் பத்திரமாக வாசல் வரை கொண்டுபோய் விடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலில் ஏலம். கோழி, தேங்காய், பூசணி எல்லாம் போன பிறகு வெள்ளிக் காணிக்கைகள் வந்தன. இவற்றை வருஷா வருஷம் பழைய வெள்ளி வியாபாரி கரீமுல்லா எடுத்துக்கொள்வார். அன்று நான் வாயைத் திறப்பதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டு வந்திருந்தேன். யோசித்துப் பாருங்கள் மச்சான், பத்து நாளாக ஊர் கேட்கப் பிளாட்டினம் என்று கத்தியவன், இப்போது அது பிளாட்டினம் என்று ஒருத்தருக்காவது தெரிந்தால் தொலைந்தேன்! வெள்ளி என்றே இருந்தால் வெள்ளி விலைக்கு என் லாக்கெட் எனக்கு வந்துவிடும், ஜூபிலி பூசைக்கு ஐரின் கழுத்தில் இருக்கும். பவுல்சாமி அதைத் தூக்கிப் பிடித்து, “வெள்ளி இருதயம், தெறந்து மூடலாம்!” என்று கூவினார். கரீமுல்லா வாங்கிக் கடித்துப் பார்த்து, “வெள்ளி மாதிரிதான் கீது” என்று ஒரு விலை கேட்டார். நான் இருமிக்கொண்டே கொஞ்சம் கூட்டினேன். அவர் இனி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று பவுல்சாமி சொல்லும்போது சாமியார் கையைத் தூக்கினார்.

“பொறும். ஸ்தனிஸ்லாஸ், நீர் இதைப் பிளாட்டினம் என்று எல்லோரிடமும் சொன்னவர். மாதா சொத்தைக் குறைத்து விற்றால் பாவம் என் தலையில். மாதா முகத்தைப் பார்த்துச் சொல்லும், இது என்ன?”

நான் மாதாவைப் பார்க்கவில்லை, பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஐரினைப் பார்த்தேன். வெள்ளி என்று சொன்னால் லாக்கெட் என் பைக்குள். ஆனால் இருபத்தைந்தாம் வருஷத்துக்கு உன் புருஷன் உனக்கு வெள்ளியைக் கொடுத்துப் பிளாட்டினம் என்று ஏமாற்றினான் என்று நானே பந்தலில் எழுந்து சொன்ன மாதிரி ஆகும். “பிளாட்டினம் சாமி” என்றேன்.

பந்தலே சிரித்தது. லூயிசா அம்மாள் விசிறியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். கரீமுல்லா, “சார் ஷோக்கா பேசறாரு” என்றார். சாமியாரே தாடிக்குள் சிரித்துவிட்டு, மேலே நடத்து என்று சைகை காட்டினார். எனக்கு அவமானம் ஒரு பக்கம், ஆனந்தம் ஒரு பக்கம். உண்மையையும் சொல்லியாகிவிட்டது, ஒருவரும் நம்பவில்லை, விலையும் ஏறவில்லை. இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும்?

அப்போது தங்கள் தங்கை எழுந்தாள். செபமாலை சொல்வதற்குத் தவிர சபையில் வாய் திறந்தறியாதவள் எழுந்து நின்று, “அவர் சொல்றது நெசம். அது பிளாட்டினம்தான். எனக்குத் தெரியும்” என்றாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஐரின் விளையாட்டுக்குப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த நிமிஷம் லூயிசா அம்மாளின் கை மேலே போனது. நான் கூட்டினேன், அவர் கூட்டினார். கரீமுல்லா, “பெரிய எடத்து சமாச்சாரம், நான் வர்லப்பா” என்று ஒதுங்கிக்கொண்டார். என் பென்ஷன் மூச்சுத் திணறி நின்ற இடத்தில் டிப்டி கலெக்டரின் பென்ஷன் சாவகாசமாகத் தாண்டிப் போனது. லாக்கெட்டை லூயிசா அம்மாள் அந்த இடத்திலேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். வந்த பணத்தில் கோயில் தாழ்வாரத்துக்கு ஓடு மாற்றப் போகிறார்களாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் லாக்கெட் எங்களுடையது. ஆனால் கோபம் வரவில்லை மச்சான். “உனக்கு எப்போ நம்பிக்கை வந்தது?” என்று கேட்டேன். “நீங்க எழுந்து சொன்னீங்களே, அப்பவே” என்றாள். நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் பாடம் சொன்னதில் ஒரு மாணாக்கனும் என் பேச்சை இப்படி நம்பியதில்லை. இந்த ஒரு வார்த்தைக்கு நூறு லாக்கெட் கொடுக்கலாம்.

ஆகையால் தாங்கள் அக்காவுடனும் குழந்தைகளுடனும் தவறாமல் பூசைக்கு வர வேண்டும். தங்கம் எதுவும் கொண்டுவர வேண்டாம், ஐரின் இப்போது பிளாட்டினத்தின் அருமை அறிந்தவள். இந்த வாரமே வெள்ளைச்சாமி கடைக்குப் போய் இன்னொன்று வாங்கப் போகிறேன். வேண்டாம் என்கிறாள், அது சும்மா வாய்ப்பேச்சு. கடைசியில் அவளும் இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன். மேலே உள்ளதைப் படிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், தங்கள் முழங்காலுக்கு என் ஜெபங்கள்.

இப்படிக்குத் தங்கள் அன்புள்ள மைத்துனன்,
ஸ்தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: அண்ணே, ஐரின் எழுதுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் படித்துவிட்டேன். கம்பி விஷயம் படித்ததும் அழுகை வந்துவிட்டது. என்ன என்று கூடத்திலிருந்து கேட்டார், வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

அது வெள்ளிதான் அண்ணே. கழுத்தில் போட்ட நாலாம் நாளே கடற்காற்றில் கறுத்துப்போச்சு. பிளாட்டினம் கறுக்காது என்று இவரே எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். கடைக்காரன் இவரை நன்றாக ஏமாற்றிவிட்டான். இவர் கண்ணில் படாமல் புளி போட்டுத் தேய்த்துப் பீரோவில் வைத்தேன். திராவகம் வாங்கக் கிளம்பினதும் லாக்கெட்டைப் பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். கண் முன்னாலே அது கரைந்து போனால், முப்பது வருஷம் இதையே பாடமாகச் சொன்ன மனுஷன் முகம் என்ன ஆகும்? மாதாவிடம் வைத்துவிட்டால் யாரும் திராவகம் ஊற்றமாட்டார்கள் என்றுதான் கொண்டுபோய்ப் போட்டேன். ஏலத்தில் பேசாமல்தான் இருக்க நினைத்தேன். ஆனால் இவர் ஒருத்தர் நிற்கிறார், அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை அண்ணே.

பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார், “தாழ்வாரத்து ஓட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதே அம்மா” என்று மட்டும் சொன்னார். லூயிசா அம்மாள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு பூசைக்கு வருகிறாள். பிளாட்டினத்தைத் தினம் புளி போட்டுத் தேய்க்கணும், ராணிமார் எல்லாம் அப்படித்தான் செய்வாங்க என்று நேற்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இவர் சட்டை மாற்றிக்கொண்டு அந்தக் கடைக்குக் கிளம்புகிறார். தலைவலி என்று படுத்து இரண்டு நாள் நிறுத்தி வைக்கிறேன். கடிதம் கண்டதும் ரயிலேறி வாருங்கள். மாதாவுக்கு இன்னொரு இருதயம் போட எனக்குத் தைரியம் இல்லை.