அடுத்தவர் பாவத்துக்கு முழங்காலிடுபவர்

எந்தப் பங்குக் கோவிலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காணிக்கைத் தட்டு வரும் நேரத்தில் மட்டும் கண்மூடித் தியானத்தில் ஆழ்ந்துவிடுபவர் ஒருவர் இருப்பார். பிரசங்கம் தொடங்கியதும் இருமல் வந்து வெளியே போய், பிரசங்கம் முடிந்ததும் இருமல் தீர்ந்து உள்ளே வருபவர் ஒருவர் இருப்பார். பாடகர் குழுவில், எல்லோரும் நிறுத்திய பிறகும் அரை அடி கூடுதலாகப் பாடித் தன் இருப்பைத் தெரிவிப்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். இவர்களை விட்டுவிடுங்கள், ஒரு கெடுதலும் செய்யாத ஆசாமிகள். நான் காட்டப்போவது வேறு இனம். இந்த இனத்தார் வாரம் தவறாமல் குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். ஒரு பாவம் விடாமல் சொல்லுவார்கள். அதில் அவர்களுடையது ஒன்றுகூட இருக்காது.

உதாரணத்துக்கு நமது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அடுத்தவர் கண்ணில் என்ன கோளாறு என்று பார்ப்பது அவருக்குத் தொழில். தொழில்பக்தி மிகுந்தவராகையால் ஞாயிற்றுக்கிழமையும் கடையை மூடுவதில்லை, கோவிலில் திறந்துகொள்வார். ‘என் பாவமே’ என்று எல்லோரும் மார்பில் தட்டிக்கொள்ளும் இடத்தில் அவரும் தட்டிக்கொள்வார்தான், ஆனால் கண் என்னவோ முன்பெஞ்சுக்காரரின் பிடரியிலேயே இருக்கும். பிரசங்கத்தை அவர் ஒரு தபால்காரரைப் போலக் கேட்பார். பீடத்திலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் விலாசம் பார்த்து, இது பக்கத்து வீட்டுக்காரருக்கு, இது பாடகர் குழுத் தலைவிக்கு, இது என் மைத்துனனுக்கு என்று பிரித்து வைப்பார். “கேட்டியா, கேட்டியா, அவனுக்குத்தான் சொல்றாரு!” என்று மனைவியின் விலாவில் முழங்கையால் இடிப்பார். இத்தனை வருடத்தில் அவர் பெயருக்கு ஒரு தபாலும் வந்ததில்லை.

சனிக்கிழமை மாலையானால் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு ஆத்தும சோதனை செய்வார். யாருடைய ஆத்துமத்தை என்று நான் சொல்ல வேண்டுமா? பிறகு முகம் கழுவி, சட்டை மாற்றி, கோவிலுக்குப் போய், குருவுக்கும் தனக்கும் நடுவே வலையடித்த பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிடுவார். உள்ளே நடந்தது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ரகசியம் காக்க வேண்டிய கடமை குருவுக்குத்தான். நம்மவர் திங்கட்கிழமை காலையில் கண் பரிசோதிக்க வந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

“சாமி, இந்த வாரம் எங்க வீட்டுல கோபம் ஜாஸ்தியாயிடுச்சு.”

“ம்.”

“சட்டைப் பொத்தானைத் தைச்சு வைன்னு ஒரு நல்ல வார்த்தைதான் சொன்னேன். அதுக்குப் போயி என் மனைவி அந்தக் கத்து கத்துறா. பையன் பூசைக்கு வந்தும் வாசல்லயே நிக்கிறான். அப்புறம் என் தம்பி... அவனைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிடும் சாமி.”

பழைய பங்குத்தந்தைக்குக் காது மந்தம். யார் எதைச் சொன்னாலும் தலையசைத்து, ‘அருள் நிறைந்த மரியே’ பத்துத் தடவை சொல்லச் சொல்லிப் பரிகாரம் கொடுத்து அனுப்பிவிடுவார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

இனித்தான் இந்த இனத்தின் தனிச்சிறப்பு. வீட்டுக்கு வந்ததும் நம்மவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பரிகாரத்தைப் பங்கு வைப்பார்.

“இந்தா, உனக்கு ஆறு. கோபத்துக்கு. பையனுக்கு மூணு. வாசல்ல நின்னதுக்கு. மிச்சம் ஒண்ணை நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க ஒண்ணு?” என்பாள் மனைவி.

“உங்களையெல்லாம் வச்சுக்கிட்டுக் குப்பை கொட்டறேனே, அதுக்கு.”

கல்யாணமான புதிதில் அவள் இதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு சில வருடம் சண்டை போட்டாள். பிறகு, சண்டை போடுகிற நேரத்தில் செபத்தைச் சொல்லி முடித்துவிடலாம் என்று கண்டுபிடித்து, அடுப்பில் இருப்பதைக் கிண்டியபடியே ஆறையும் சொல்லிவிடுவாள். அந்த ஆறும் யாருக்காகப் போய்ச் சேர்ந்தது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

தம்பி என்றாரே, அந்தக் கதைக்கு வருவோம். தம்பி அச்சகம் வைத்திருக்கிறார். அதே பங்கு, அதே கோவில், எதிர்வரிசைப் பெஞ்சு. இருவரும் பேசி வருடக்கணக்காகிறது. என்ன காரணம்? சொத்தா? இல்லை. இவர்களுடைய அம்மாவின் அடக்கத் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை அண்ணன் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்காக அவர் கடைக் கண்ணாடியின் முன்னால் நின்று இரவெல்லாம் பயிற்சி செய்தார். மறுநாள் எழுந்து போய் வாசித்தது தம்பி.

“பிடுங்கிட்டான்” என்பார் நம்மவர். “பெட்டியை மூடுறதுக்கு முன்னால அம்மா காதுல விழ வேண்டியது என் குரல். அதையும் பிடுங்கிட்டான்.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கம்மிவிடும். அந்த இடத்தில் நாம் அவரைக் கேலி செய்ய வேண்டாம். வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கும் நேரம் வருமல்லவா? நம்மவர் கைகூப்பியபடி திரும்புவார். மேசை மின்விசிறி திரும்புவது போல நிதானமாக, எல்லோர் மீதும் சமாதானத்தை வீசிக்கொண்டே போய், தம்பியின் பெஞ்சு வருவதற்கு ஒரு ஆள் முன்னாலேயே நின்று, வந்த வழியே திரும்பிவிடுவார். எதிர்வரிசையில் இன்னொரு விசிறியும் அதே இடத்தில் நின்று திரும்பும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழையவர் ஓய்வு பெற்று அவர் இடத்துக்கு வந்திருந்த புதிய பங்குத்தந்தை, திருப்பலி முடிவில் கல்யாண அறிவிப்பு வாசித்தார். மணப்பெண், தம்பி மகள். நம்மவருக்கு ஞானமகள். ஞானஸ்நானத்தன்று அவளை ஏந்தி நின்றவர் இவர்தான். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு இவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஞானஸ்நானத் தொட்டிக்குள் போட்டது. கோவிலுக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று மனைவி இன்றும் சொல்லுவாள். “இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்” என்று குரு முடித்தபோது நம்மவருக்கு ஒரே ஒரு தடைதான் தெரிந்திருந்தது: பெண்ணின் அப்பா. அன்று அவர் யார் விலாவிலும் இடிக்கவில்லை.

அந்த வாரமே பெண் கடைக்கு வந்தாள்.

“பெரியப்பா, என் கல்யாணப் பூசையில முதல் வாசகம் நீங்கதான் வாசிக்கணும்.”

இதைவிடப் பெரிய தூண்டில் உலகத்தில் இல்லை. அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து துடைத்தார். “உங்கப்பன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.”

“அவரும் அதையேதான் சொல்றாரு. அண்ணன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு.” அவள் குரல் உடைந்தது. “சின்னப் பசங்களே தேவலை பெரியப்பா. நீங்க வாசிக்கலைன்னா அந்த இடத்துக்கு நான் வேற யாரையும் கூப்பிட மாட்டேன். பெரியப்பாவுக்கு வர இஷ்டமில்லைன்னு கோவில் முழுக்கத் தெரியட்டும்.”

சனிக்கிழமை வந்தது. நம்மவர் வழக்கம்போல முழங்காலிட்டு, மனைவியின் கோபம், மகனின் சோம்பல், தம்பியின் திமிர், போதாக்குறைக்குப் புதிதாகச் சேர்ந்த ஞானமகளின் பிடிவாதம் என்று வரிசையாக இறக்கிவைத்தார். புதியவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதுதான் வினை.

“ஐயா, இதுல உங்க பாவம் எது?”

நம்மவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நம்புங்கள். 

“எனக்குப் பொறுமை கொஞ்சம் அதிகம் சாமி.”

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு குரு சொன்னார்: “செபம் ஒண்ணும் வேண்டாம். உங்க தம்பி வீட்டுக்குப் போங்க. ‘என்னை மன்னிச்சிடு’ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். அதான் பரிகாரம்.”

“இதை என் மனைவி செய்யலாமா சாமி?”

“கூடாது.”

பாவம், மனிதர் அன்று வீட்டுக்கு வந்து பங்கு வைக்க ஒன்றுமில்லாமல் நின்றார். மறுநாள் மாலை மனைவியையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் “என்னை மன்னிச்சிடு, என்னை மன்னிச்சிடு” என்று மருந்து விழுங்குகிற முகத்தோடு முணுமுணுத்துக்கொண்டே போனார். மனைவிக்குக் கால் தரையில் படவில்லை.

தம்பி கதவைத் திறந்தார். “வா” என்றார். கூடத்தில் கல்யாணப் பத்திரிகைகளை உறைகளில் போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நிமிர்ந்தாள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, இருவரும் தரையைப் பார்த்தார்கள். நம்மவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார்.

“டேய், நான் உன்னை மன்னிச்சிட்டேன்.”

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

“நீ என்னை மன்னிச்சியா?” தம்பி எழுந்துவிட்டார். “நான்தான் உன்னை எப்பவோ மன்னிச்சாச்சே!”

“நீ எப்ப மன்னிச்சே? நான் அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கே மன்னிச்சேன்!”

“நான் வாசிச்சுட்டுக் கீழே இறங்கும்போதே மன்னிச்சேன்!”

“பொய் சொல்லாதே! முதல்ல மன்னிச்சது நான்!”

இப்படி ஒரு சண்டையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆளுக்கு ஆள் மன்னிப்பைத் தூக்கி அடித்துக்கொண்டார்கள். வாங்கிக்கொள்ளத்தான் அங்கே ஆளில்லை. பெண் கையிலிருந்த பத்திரிகைகளைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அப்போது கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி எழுந்தாள்.

“தம்பி, நான் ஒரு பாவம் சொல்லணும். என்னோடது இல்லை.”

அண்ணனும் தம்பியும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அன்னிக்கு வாசக நேரத்துல இவரு கோவிலுக்குள்ளயே இல்லை. சவ வண்டிக்கு முன்னால எவனோ காரை நிறுத்திட்டான்னு வெளிய போயி அந்த டிரைவரோட மல்லுக்கு நின்னாரு. சாமி ரெண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. நான் ஓடிப் போயி கையைப் பிடிச்சு இழுத்தேன். ‘இரு, இவனை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்’னாரு. உள்ள அத்தையோட பெட்டிக்குப் பக்கத்துல மைக் சும்மா நிக்குது. எல்லாரும் வாசலைத் திரும்பிப் பாக்குறாங்க. அப்பதான் நீங்க எழுந்து போனீங்க. அழுதுக்கிட்டே வாசிச்சீங்க. இத்தனை நாளா இதை நான் வாயைத் திறந்து சொல்லலை. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

தம்பி மெல்ல உட்கார்ந்தார். “நான் வேற மாதிரி நினைச்சேன் அண்ணி. அம்மா பெட்டிக்குப் பக்கத்துல நான் நின்னதால, என்கூட நிக்கமாட்டேன்னு அண்ணன் கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாருன்னு நினைச்சேன்.”

நம்மவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊரார் பாவத்தையெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வாய்க்கு எதிரில், முதல்முறையாக அவருடைய பாவம், தேதி மாறாமல், ஆள் மாறாமல் வந்து நின்றது. ‘அந்த டிரைவர் பண்ணினது மட்டும் நியாயமா?’ என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது. ஞானமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் விழுங்கினார்.

“அம்மாவுக்கு நான் வாசிக்கலைடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் அதே சாமி தனக்கும் அதே பரிகாரத்தைக் கொடுத்ததாகவும், அண்ணன் கடை இருக்கும் தெருமுனை வரைக்கும் வந்து, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துத் திரும்பிவிட்டதாகவும் அப்போதுதான் சொன்னார்.

கல்யாணத்தன்று நம்மவர் முதல் வாசகம் வாசித்தார். பாதியில் கண்ணாடி மங்கிப் போய்க் கழற்றித் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்; கோவில் காத்திருந்தது. சமாதான நேரத்தில் இரண்டு விசிறிகளும் கடைசிவரை திரும்பின. அன்று கோவிலில் மூக்கைச் சிந்தாதவர்கள் குறைவு.

அன்றோடு மனிதர் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? அடுத்த சனிக்கிழமை அவர் கடைக் கதவைப் பாதி இறக்கினார். முகம் கழுவினார், சட்டை மாற்றினார், போய் முழங்காலிட்டார்.

“சாமி, என் மனைவிகிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது. அடுத்தவங்க பாவத்தை எல்லார் முன்னாலயும் போட்டு உடைச்சிடறா.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததே, அது யாருடைய முகம்? உங்கள் மைத்துனரா? அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரா? மாமியாரா? இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அப்போதாவது புத்தி வருகிறதா பார்க்கலாம் என்று மனத்துக்குள் விலாசம்கூட எழுதிவிட்டீர்கள் அல்லவா? அப்படியானால் சனிக்கிழமை மாலை கோவிலுக்கு வாருங்கள். வரிசை நீளமில்லை, கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.