தாத்தாவின் முதல் பென்சில்

"முனை போச்சு மாமா!" என்றான் மச்சினன்.

பென்சில் தொழிற்சாலையின் கரிப் பிரிவு மேஸ்திரிக்கு உயிரே போய்விட்டது. முதலாளியின் தாத்தா தம் கையால் செய்த முதல் பென்சில் அது. அதையும் புதிய பென்சில் ஒன்றையும் தம் அறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் முதலாளி. "அதுக்கு ஏதாவது ஆச்சு, நீ அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்" என்றும் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன கை மாடிப்படியில் நழுவவிட்டது. பென்சிலுக்குள் வைக்கக் கரியையும் களிமண்ணையும் பிசைந்து சூளையில் சுடுவதைத் தவிர மேஸ்திரிக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

"லேசா சீவிட்டா யாருக்குத் தெரியும்?"

சீவினார். முனை உடைந்தது. மறுபடி சீவினார். விழுந்த வேகத்தில் உள்ளே கரி நொறுங்கியிருந்தது. சீவச் சீவ உதிர்ந்தது. பிறகு வெறும் மரம்தான் வந்தது.

"என்ன மாமா, உள்ள ஒண்ணையும் காணோம்?"

"துண்டுப் பென்சிலை எல்லாரும் தூக்கித்தானே போடறாங்கன்னு அந்தக் காலத்துல கடைசிவரைக்கும் கரி வெக்கமாட்டாங்கடா!"

தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதை வாய் வலிக்கச் சொன்னவர் அவர்தான். சமயத்தில் ஞாபகம் வந்தால்தானே!

மச்சினனிடம் யோசனைக்கா பஞ்சம்? பெயிண்ட் அடிக்காத புதுப் பென்சில் ஒன்றை எடுத்துத் தேநீரில் முக்கினான். கறை திட்டுத் திட்டாய்ப் பிடித்தது. சூளைமேல் காயவைத்தான், ஒரு பக்கம் கருகியது. உப்புத்தாளால் தேய்த்தான், மரம் பளிச்சென்று பல்லைக் காட்டியது. மறுபடியும் தேநீர்.

"உங்க அக்காவைக் கட்டினதுக்கு இன்னும் என்னென்ன அனுபவிக்கணுமோ!"

"போய்க் குடுங்க மாமா. எல்லாம் சரியா வரும்."

முதலாளி அறையில் கையில் பெட்டியோடு யாரோ உட்கார்ந்திருந்தார். முதலாளி முதலில் புதுப் பென்சிலால் கிறுக்கினார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு தேநீர்ப் பென்சிலை எடுத்தார். மேஸ்திரி தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். இரண்டிலும் இருந்தது மேஸ்திரியே பிசைந்து மேஸ்திரியே சுட்ட கரி. ஒரே சூளையில் வெந்தது. முதலாளி கண்டுபிடிக்காமலா இருப்பார்?

முதலாளி கண்ணை மூடினார். "அடடா! வெண்ணெய் மாதிரி போகுது. தாத்தா சரக்குன்னா சும்மாவா? புதுசு வெறும் மண்ணு!"

போன உயிர் திரும்பி வந்தது. மச்சினனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சந்தோஷத்தில் மேஸ்திரி பலமாகவே ஒத்து ஊதினார். "பழசு பழசுதாங்க ஐயா! நாங்க பண்றதெல்லாம் கிட்டக்கூட வராதுங்க."

பெட்டிக்காரர் சிரித்தபடி எழுந்தார்.

"அதான் மேஸ்திரியே ஒத்துக்கிட்டாரே! நாளையிலேர்ந்து கரி எங்க கம்பெனியிலேர்ந்து வந்துடும் ஐயா, இவரோட பிரிவை இன்னைக்கே மூடிடலாம்."