சிங்கராஜாவின் பல்லும் கீரியின் கடைசி கட்டரும்

ஒரு காட்டில் ஒரு கீரி, உலோகத்தைக் குடைஞ்சு வெட்டுற மில்லிங் மெஷின் வெச்சிருந்துச்சு. சிரிக்காதீங்க. பட்டறைன்னா மனுசங்க மட்டும்தான் வெக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? கீரி பேரு சென்னியப்பன். மெஷின் ரொம்பச் சின்னது, மேஜை மேல வெக்கிற அளவு. பக்கத்துல யானை நடந்து போனாலே கிடுகிடுன்னு ஆடும். அலுமினியம், பித்தளை ரெண்டையும் அதுல வாழைத்தண்டு நறுக்குற மாதிரி நறுக்கித் தள்ளிட்டு, நம்மளை மிஞ்ச ஆளில்லைன்னு மீசையை நீவிக்கிட்டுத் திரிஞ்சுது.

அப்பத்தான் சிங்கராஜாவுக்குக் கோரைப்பல் ஒண்ணு பாதியில உடைஞ்சு போச்சு. ஒரு மாசமா வெறும் கஞ்சி. கோவம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. நேரா கீரியோட பட்டறை வாசல்ல வந்து நின்னுச்சு.

"டேய் சென்னியப்பா, இந்தப் பல்லுக்கு எவர்சில்வர்ல மூடி மாதிரி ஒரு கேப் செய். நடுவுல பள்ளம் எடுத்து, பல்லு அதுல கச்சிதமா உக்காரணும். வெள்ளிக்கிழமை மதியம் வருவேன். ஆகலைன்னா உன்னை மெல்லாம அப்படியே முழுங்கிடுவேன்."

"ஆயிருமுங்க சாமி"ன்னு கீரி சொல்லிருச்சு. எவர்சில்வரை அது சோத்துத் தட்டாத்தான் பார்த்திருக்கு, வெட்டினதே கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்ல ரோசம் விடணுமே!

மெஷின்ல மாட்டிச் சுத்த விடுற வெட்டுக்கத்திதான் கட்டர்; கையில இருந்தது மூணே மூணு. முதல் கட்டரை மாட்டி, அலுமினியத்துக்கு ஓட்டுற அதே வேகத்துல, நிமிசத்துக்கு மூவாயிரம் சுத்துல விட்டுச்சு. கீய்ய்ங்னு ஒரு சத்தம். மரத்துல இருந்த கிளியெல்லாம் பறந்து போச்சு. ஒரே புகை. கட்டர் முனை நீலம் பாரிச்சு மழுங்கிருச்சு. எவர்சில்வர்ல ஒரு கீறல், அவ்வளவுதான்.

அந்தக் காட்டுல 'வேக விவரக் கவுண்டர்'னு ஒண்ணு உண்டு. எதை எந்த வேகத்துல வெட்டணும்னு அங்க கேட்டுக்கலாம். டோக்கன் வாங்கி வரிசையில நிக்கணும். கீரிக்கு முன்னால ஒரு நத்தை. அது ஜன்னலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வியாழக்கிழமை ஆயிருச்சு.

கவுண்டர்ல செல்லாத்தாள்னு ஒரு புள்ளிமான். பாரத்தை மூணு பிரதி எழுதச் சொல்லுச்சு. 'எதற்கான வேலை'ங்கிற கட்டத்துல கீரி பெருமையா 'ராஜாவின் கோரைப்பல்'னு எழுதிக் குடுத்துச்சு. மான் அதைப் படிச்சுது. மறுபடி படிச்சுது. தன் கழுத்தை ஒரு தடவை தடவிக்கிச்சு.

அப்புறம் ரொம்பப் பாசமாச் சொல்லுச்சு: "ஏனுங்ணா, சுத்தை எண்ணூறுக்கு இறக்கிக்கங்க. ஆனா துண்டைக் கட்டர் பக்கம் தள்ளுற கைப்பிடியை மெள்ள மெள்ளத் திருப்புங்க. சின்ன மெஷினுங்க, பாவம். பச்சைக் கொழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவித் தடவி ஓட்டுங்க. நடுவுல அப்பப்ப நிறுத்தி ஓய்வு குடுங்க."

கீரி கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இவ்வளவு அக்கறையா யாரு சொல்லுவா?

ரெண்டாவது கட்டரை மாட்டித் தடவுச்சு. நிறுத்துச்சு. தடவுச்சு. எவர்சில்வர் இருக்கே, அது ஒரு மாதிரியான ஆளு. துணிஞ்சு வெட்டுனா வெட்டுப்படும். பயந்து தடவுனா முறுக்கிக்கும். தேய்ச்ச இடமெல்லாம் கண்ணாடியாட்டம் பளபளன்னு இறுகிப் போச்சு. அதுல மோதி ரெண்டாவது கட்டரும் போச்சு.

வெள்ளிக்கிழமை மதியம். ஒரே ஒரு கட்டர். இறுகின துண்டைத் தூக்கிப் போட்டுட்டு, இருந்த இன்னொரு துண்டை வைஸ் இடுக்கியில இறுக்குச்சு. ஆழம் கால் மில்லிமீட்டர். சுத்து எண்ணூறு. கைப்பிடியைப் பிடிச்சுது. உசுரு போகப் போகுதேன்னு கீரி நெசமாவே அழுதுச்சு.

அந்த நேரம் பார்த்து வாசல்ல சிங்கம் கர்ஜிச்சுது. "ஆச்சாடா?"

தூக்கிவாரிப் போட்ட கீரி, கைப்பிடியைச் சரட்டுன்னு திருப்பிருச்சு. பயத்துல நிறுத்தவும் தோணலை, திருப்பிக்கிட்டே போகுது. கீச்சுச் சத்தமே இல்லை. கர்ர்ருனு கனமா ஒரு சத்தம். சுருள் சுருளா எவர்சில்வர் உதிருது!

"அடச்சே, பயந்து தடவினதுதான் தப்பா!" கீரி எண்ணெயை ஊத்திக்கிட்டே, கால் மில்லி கால் மில்லியா இறங்கி, எங்கயும் நிக்காம ஓட்டிப் பள்ளத்தை முடிச்சு, வெளிப்பக்கத்தையும் பல்லு மாதிரி கூராச் சீவிருச்சு.

கேப் சிங்கத்தோட பல்லுல டக்குன்னு உக்காந்துச்சு. சிங்கம் நாக்கால தடவிப் பார்த்துச்சு. "பிரமாதம். எதையாவது கடிச்சுப் பார்க்கணுமே."

சுத்துமுத்தும் பார்த்துச்சு. அங்க கீரியைத் தவிர யாருமில்லை. கவுண்டர்லயிருந்து திரும்பி அந்தப் பக்கமா ஊர்ந்துக்கிட்டிருந்த நத்தைகூட, கர்ஜனை கேட்டதுமே காணாமப் போயிருந்துச்சு.

"நல்லா அழுத்திக் கடிங்க சாமி, அசையவே அசையாது"ன்னு கீரி நெஞ்சை நிமித்திச் சொல்லுச்சு.

தூரத்துப் புதர்லயிருந்து செல்லாத்தாள் கத்துச்சு. "கூறுகெட்ட அண்ணா! ராஜாவுக்குப் பல்லு வந்தா எங்க கழுத்துக்கு வருமேன்னுதான் தப்பா சொல்லிக் குடுத்தேன்! இப்ப உங்க கழுத்துக்கே வந்துருச்சு, ஓடுங்ணா!"

கீரி மெஷினுக்குப் பின்னால இருந்த வளைக்குள்ள பாஞ்சுது. சிங்கத்தோட வாய் மெஷின் கைப்பிடியில படக்குன்னு விழுந்துச்சு. கைப்பிடி ரெண்டா உடைஞ்சுது. பல்லு அப்படியே இருந்துச்சு.

வளைக்குள்ளயிருந்து குரல் வந்துச்சு. "பார்த்தீங்களா சாமி, மயிரிழைகூட ஆடலை!"

"அருமையான வேலைடா"ன்னு சிங்கம் குழைஞ்சுது. "வெளிய வா, உன்னைப் பாராட்டணும்."

கீரி ஒரு அடி வெளிய வெச்சுது. பாராட்டுன்னா யாருக்குத்தான் ஆசையில்லை? அப்புறம் அந்த எவர்சில்வர் பல்லு வெயில்ல மின்னுறதைப் பார்த்துச்சு. செஞ்ச கைக்குத் தெரியாதா அதோட கூர்மை! திரும்பி, வளையோட மறுவாசல் வழியா எடுத்துச்சு ஓட்டம். பக்கத்துக் காடு வர்ற வரைக்கும் எங்கயும் நிக்கலை.

நீதி: எவர்சில்வரை வெட்டும்போது சுற்றைக் குறை, தள்ளுவதைக் குறைக்காதே. ராஜா பாராட்டக் கூப்பிடும்போது, ஓட்டத்தில் எதையுமே குறைக்காதே.