ஹைபிரிட் காரும் மருமகனின் தலையணையும்

வாகனம் வாங்க முடிவெடுத்தவன் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. கேட்பது போல வந்து சம்மதத்தை வாங்கிக்கொண்டு போவான். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. குருநாகலில் பேக்கரி, கொழும்பில் டைல்ஸ் கடை, கட்டாரில் சாரதி வேலை என்று அலைந்தேன். சில ஊர்களில் படுக்கப் பாய் இருந்தது. சில ஊர்களில் வாகனத்துக்குள்ளேயே படுத்தேன். கல்முனைக்குத் திரும்பியபோது எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஓட்டுவது. வாடகைக்கு ஹயர் ஓட ஒரு பழைய ஹைபிரிட் காரைப் பார்த்து வைத்துவிட்டு, மனைவி பௌசியாவை உட்காரவைத்து விளங்கப்படுத்தினேன்.

"பெற்றோல மோந்து பாத்திட்டே ஓடும் புள்ள. மெதுவாப் போனா அதுவும் தேவல்ல, பெட்டறிதான். சத்தமே இரிக்காது."

"பெட்டறி போனா?"

"போகாது."

"போனா?"

"கொழும்பில திருத்திற பாஸ் இரிக்கார்."

"ஓடுற நேரம் லாபம், சரி. நிக்கிற நேரம்?"

பெற்றோல் செட் வரிசையில் நாங்கள் காய்ந்து கிடந்த காலத்தை ஞாபகப்படுத்தித் தப்பித்தேன்.

கார் வந்த கையோடு என் மூத்த சகோதரி, ராத்தாவின் மகன் நஸீமுக்குக் கல்யாணம். பெண் அக்கரைப்பற்று. "மாப்பிள்ள போறது என்ட கார்லதான்" என்று நானே அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை.) பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் பெண் வீட்டில் நிக்காஹ். பதிவாளருக்குப் பொழுது சாயும் மஃரிபுக்கு முன் வேறோர் ஊரில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. பிந்தினால் எழுந்து போய்விடுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று வீட்டைவிட்டுப் போகிறவன் மாப்பிள்ளைதான். பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். ஆகவே அழுகிறவள் மாப்பிள்ளையின் உம்மா. ராத்தா அழுதுகொண்டே நஸீமின் போர்வையைக் கொண்டுவந்தாள். பிறகு அவனுடைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கொண்டுவந்தாள்.

"அங்க தலகாணி இல்லையா உம்மா?" என்றான் நஸீம், வெட்கத்தோடு.

"வேற தலகாணில உனக்குக் கழுத்துப் புடிக்கும். கதைக்காம ஏறு."

டிக்கி முழுக்கப் பெண் வீட்டுக்கான இனிப்பு, வட்டிலப்பத் தட்டுகள். அதனால் போர்வையும் தலையணையும் பின்சீட்டில் ராத்தாவுக்குப் பக்கத்தில் ஏறின. சொந்தபந்தம் பஸ்ஸில் முன்னுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை கார் கடைசியாக, கம்பீரமாக வந்து இறங்கவேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான்.

சாய்ந்தமருது தாண்டியதும் ராத்தா கேட்டாள்: "தம்பி, சீட்டுக்குப் பக்கத்தில என்னவோ உறுமுது. ஓட்ட ஓட்டயா இரிக்கி."

"ஏசிட சத்தம் ராத்தா. தலகாணிய அதுல சாத்தி நல்லா அமத்துங்க. கேக்காது."

அமத்தினாள். கேட்கவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

நிந்தவூருக்கு அப்பால் தார் றோட்டின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். நல்ல வெயில். மறுபாதியில் எதிரே வருகிற வாகனங்களுக்கு வழிவிட்டு ஊர்ந்தோம். "இப்ப பெட்டறிலதான் போறம், ஒரு சொட்டுப் பெற்றோல் செலவில்ல" என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. களியோடைப் பாலத்துக்குச் சற்று முன் கார் தானாகவே ஓய்ந்து நின்றது.

"மாமா, இது அந்தச் சத்தமில்லாத ஓட்டமா, நிண்டுட்டமா?" என்றான் நஸீம்.

இறங்கிப் பொனெட்டைத் திறந்தேன். (பெட்டறி பின்சீட்டின் அடியில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாகனம் நின்றால் பொனெட்டைத் திறக்காத ஆண்பிள்ளையை யார் மதிப்பார்கள்?) பிறகு கொழும்பு பாஸுக்குப் போன் எடுத்தேன்.

"பின்சீட்டுக்குப் பக்கத்தில ஓட்டை மாதிரி இருக்கும். அதாலதான் பெட்டறிக்குக் காத்துப் போறது. ஏதும் சாத்தி வச்சீங்களா?"

"தலகாணி" என்றேன், மெதுவாக.

பாஸ் இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். "சொப்பிங் பேக் வச்ச ஆள் இருக்கு. தலகாணி இப்பதான் கேக்கிறன். எடுத்திட்டு ஆற விடுங்க. ஒரு மணித்தியாலம் போகும்."

ஒரு மணித்தியாலம் எங்களிடம் இல்லை. ராத்தா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ட புள்ளைட நிக்காஹ் நிண்டிருமா தம்பி?" என்றாள். அஸர் பாங்கு கேட்டது. நஸீம் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண் வீட்டாரிடம் வாகனம் கேட்கலாம் என்றான் கடைசியில். மாப்பிள்ளையை அவர்களே வந்து ஏற்றிக்கொண்டு போவதா? நான் கையை நீட்டி றோட்டின் நடுவில் நின்றேன்.

நின்றது மீன் லொறி. கல்முனையில் மீனை இறக்கிவிட்டுத் திருக்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சாரதி எட்டிப் பார்த்தார். கோட்டுப் போட்ட மாப்பிள்ளை, திறந்த பொனெட், கண்ணீர் விடும் தாய்.

"ஏறுங்க. மணம் கொஞ்சம் கிடக்கும், பறவாயில்லயா?"

"ஓம், ஓம்" என்றேன்.

ராத்தாவும் நஸீமும் முன்னால். நான் பின்னால், வெறும் மீன் பெட்டிகளுக்கு நடுவே வட்டிலப்பத் தட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி. எங்கள் காரைவிட லொறி வேகமாகத்தான் போனது.

பெண் வீட்டு வாசலில் எல்லோரும் வெள்ளைக் காரை எதிர்பார்த்து நின்றார்கள். லொறி ஹோன் அடித்தது. பெண்ணின் வாப்பா வேகமாக ஓடிவந்தார்.

"மீன் வேணாம்! கலியாண வீடு, அங்கால எடுங்க!"

கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினான். அவசரத்தில் உம்மா கையில் திணித்த தலையணை அவன் கக்கத்தில் இருந்தது. வாப்பா வாய் திறந்தபடி நின்றார். உள்ளே பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புக் கிளம்பியது. கல்யாணப் பெண்ணின் சிரிப்புத்தான் அது என்று பிறகு தெரிந்தது. பதிவாளர் ஒரு காலில் செருப்பைப் போட்டிருந்தார். கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நிக்காஹ் நடந்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது கார் ஒன்றும் அறியாததுபோல ஸ்டார்ட் ஆனது.

இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். நஸீமின் மனைவி கோபம் வந்தால், "மீன் லொறில வந்த ஆள்தானே" என்று ஆரம்பிப்பாள். அதோடு கோபம் முடிந்துவிடும். ஹைபிரிட் வாங்கலாமா என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். நான் பெற்றோல் கணக்கை எடுத்து விளங்கப்படுத்தத் தொடங்குவேன். பௌசியா சமைத்தபடியே குசினிக்குள் இருந்து குரல் கொடுப்பாள்:

"முதல்ல தலகாணியச் சொல்லுங்க!"