மந்தாரை இலையும் எழுத்து விழுந்த பஜ்ஜியும்

பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் பஜ்ஜியைப் பார்த்துப் பயந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் மந்தாரைதான். போலீஸுக்குப் பயப்பட மாட்டார், பேய்க்கும் பயப்பட மாட்டார். பேப்பரில் வைத்த பஜ்ஜி என்றால் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

கரையான்சாவடியில் நானும் அவரும் ஒரே அறை. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அச்சு மை தயாரிக்கும் கம்பெனியில் வேலை. கரியையும் மெஷின் எண்ணெயையும் குழைத்தால் மை. அதில் அச்சடித்த பேப்பரில் சூடான பஜ்ஜியை வைத்தால் அந்த எண்ணெய் பஜ்ஜிக்கு ஏறிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் காய்ந்த மந்தாரை இலை ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பலகாரம் எதுவானாலும் அதில்தான் வாங்குவார். நடந்தால் சருகு மிதிக்கிற சத்தம். பெயர் வந்தது அப்படித்தான்.

எனக்கோ பொட்டலக் காகிதம்தான் நூலகம். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து எங்கே கிடந்தாலும் விடமாட்டேன். "படிக்கிறது உன் இஷ்டம் மாமே. அத்தத் துன்னாத!" என்று வடையைப் பிடுங்குவார்.

கடையில் பருப்பு பளபளத்தால் வாங்கமாட்டார். "பருப்புக்கு இன்னாத்துக்கு மேக்கப்பு? எண்ணெ பூசிகீறான்!" தலைக்குத் தேய்க்கும் வாசனைத் தைலத்தை மோந்துவிட்டு, "மேல மல்லிப்பூ, உள்ள மெஷினு" என்பார். தன் தலைக்கு விளக்கெண்ணெய்தான். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டு எப்போதும் காலி.

ஆனால் மழை விட்ட சாயங்காலங்களில் அதே மனிதர் எஸ்டேட் ரோட்டில் மெய்மறந்து நிற்பார். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் படர்ந்து ஊதாவும் பச்சையுமாக வானவில் மிதக்கும். மேகம் அதற்குள் மெல்ல நகரும். "இன்னா அயகு பாரு! வவுத்துக்குள்ள போவாம இங்கியே இருந்துட்டா எவ்ளோ சோக்கா இருக்கும்!" பஸ் வந்து போய்விடும். நானும் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

இலையால் அவருக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. பெண் பார்க்கும் வீட்டில் பஜ்ஜி வராமல் இருக்குமா? வந்ததும் இலையை எடுப்பார், வரன் முறியும். கடைசியாகப் பட்டாபிராமில் ஒரு பெண் அமைந்தபோது அவர் அம்மா சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா நான் இனிமே பொண்ணு தேட மாட்டேன். இலை வெளிய வரக்கூடாது." சத்தியம் செய்தார். நான் சாட்சி.

பெண் நீட்டியது எவர்சில்வர் தட்டுதான். ஆனால் எண்ணெய் வடிய எந்தப் பேப்பரில் வைத்தார்களோ, வாழைக்காய் பஜ்ஜியின் முதுகில் இடவலம் மாறி அரைத் தலைப்புச் செய்தி. மந்தாரை அதையே வெறித்தார்.

"இன்னா நைனா, துன்றியா, பட்ச்சிகினு கீறியா?" என்றார் பெண்ணின் அப்பா.

மந்தாரையின் அம்மா முறைத்தார். மந்தாரை கண்ணை மூடிக்கொண்டு செய்தியோடு சேர்த்து விழுங்கினார். கை மட்டும் தானாகப் பையைத் தடவியது. நொறநொற.

"பாக்கெட்ல இன்னா சத்தம்?" என்று கேட்டுவிட்டாள் பெண்.

எடுக்கக்கூடாது என்றுதான் சத்தியம், சொல்லக்கூடாது என்றில்லையே! மை, பருப்பு, தைலம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் தன் பளபளத்த பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

ஆவடிக்குத் திரும்பும் ரயிலில் அம்மா எதிர் ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். மந்தாரை முகத்தில் அந்தி வெயில்.

"துன்னுட்டேன் இல்ல?"

"துன்னீங்க அண்ணே."

"நல்லாத்தான் இருந்திச்சு மாமே" என்றார், தூக்கத்தில் பேசுகிறவர் போல.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா எங்கள் அறைக்கே வந்தார். கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ. அதன்மேல் வாழைநாரால் கட்டிய மந்தாரை இலைக் கட்டு.

"பொண்ணுதான் வச்சிது" என்றார். "தலைக்கு வேற இப்ப விளக்கெண்ணெ தடவிக்கினு கீது. ஊட்ல நாத்தம் தாங்கல!"

மந்தாரை அந்தக் கட்டை எடுத்து மோந்து பார்த்தார். வெகுநேரம் மோந்தார். அன்றைக்கு மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை.