கூடைக்குள் கிடைத்த ஞானம்

மனிதர்களில் 'போய் வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. கைவேலைக்காகக் கடல் கடப்பார். போகும்போது பெட்டி நிறையக் கருவிகள் இருக்கும்; வரும்போது முகம் நிறைய அமைதி இருக்கும். அந்த அமைதிதான் ஆபத்து. சுங்கத்தில் அதைப் பிடிக்கவும் மாட்டேன் என்கிறார்கள்!

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார், பிரம்பு நாற்காலி பின்னுபவர். பல தேசத்துக் கைவேலைக்காரர்கள் கூடிய பட்டறை ஒன்றுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் நடப்பதில்லை, மிதக்கிறார். பேசுவதில்லை, அருள்கிறார். "காஸ் தீந்துபோச்சுங்க" என்று மனைவி வந்து நின்றால், "தீராதது எதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கியா?" என்கிறார். ஆர்டர் கொடுத்தவர் வந்தாலும் அதே கதைதான்.

"நாற்காலியெல்லாம் என்னாச்சு, அண்ணே?"

"உட்காரப் போறது யாரு? முதல்ல அதைச் சொல்லுங்க."

"எங்க மாமனார் வீட்டு ஆளுங்க."

பாவம், அந்த மனிதருக்குத் தத்துவம் பிடிபடவில்லை. வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் மனைவி, விரலெல்லாம் கொப்புளமாக, ஒற்றை ஆளாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். கணவரைத் திட்டவும் பயம். ஞானியைத் திட்டினால் பாவமாமே?

அப்படி என்னதான் அனுபவம் என்கிறீர்களா? மாலையானால் கடைக்குள் கூட்டம் கூடிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"ஒரே இருட்டு. என்னைச் சுத்தி உலகமே பின்னிக்கிட்டு வருது. பின்றது நானா, வேற யாராவதான்னே தெரியல. உடம்புக்குள்ள தாங்க முடியாத தவிப்பு. கத்தறேன். திடீர்னு ஒரு வெளிச்சம்! ஒரு கை வந்து என்னைத் தூக்குது. வெளிய வந்தேன் பாருங்க, அந்தச் சுகத்தைச் சொல்ல வார்த்தையே இல்ல!"

பக்கத்து வீட்டு டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவருடைய மைத்துனர் ஒருநாள் அவர் காலிலேயே விழுந்துவிட்டார்.

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு: கண்டவரோடெல்லாம் சிநேகம். விமானத்தில் பக்கத்தில் தூங்கியவர், பஸ் நிறுத்தத்தில் குடையில் இடம் கொடுத்தவர், வழி கேட்டால் தப்பான வழி சொன்னவர், அத்தனை பேரும் பூர்வஜென்ம பந்தங்கள். அத்தனை பேருக்கும் ஒரே அழைப்பு: "கண்டிப்பா வீட்டுக்கு வரணும்!" எவரும் வரமாட்டார் என்ற தைரியம்தான்.

ஒருவர் வந்துவிட்டார்.

நிலைவாசலில் குனிந்து நுழையும் உயரம், கையில் பெட்டி, வாய்கொள்ளாச் சிரிப்பு. பட்டறையில் கூட இருந்த வெல்டராம். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதில் துளிப் பொய் இல்லை. கூட்டத்தில் நின்ற நானே மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மைத்துனர் சும்மா இருப்பாரா? நம்மவரைச் சுட்டிக்காட்டி, கண்ணை மூடி, கைகளை வானத்துக்கு விரித்து, "அந்த வெளிச்சம்! நீங்களும் பாத்தீங்களா?" என்று சைகையில் கேட்டுத் தொலைத்தார்.

நம்மவர் முகம் வெளுத்தது. வெல்டருக்கோ ஏகப்பட்ட உற்சாகம். தரையில் சம்மணம் போட்டார். நம்மவரைப் போலவே கண்ணைச் சொக்கவிட்டுக்கொண்டு, தன்னைச் சுற்றியே வெறுங்காற்றில் பின்ன ஆரம்பித்தார். இடுப்புவரை பின்னினார், கழுத்துவரை பின்னினார், தலைக்கு மேலே கொண்டுபோய் நெருக்கிப் பின்னி, உச்சியில் இறுக்கி ஒரு முடிச்சும் போட்டார். ஆள் உயரக் கூடை! பிரம்பு வெட்டும் கத்தியோ கூடைக்கு வெளியே கிடக்கிறது. உள்ளே, வெளியேற வழி வைக்க மறந்த நம் ஞானி!

அப்புறம் வெல்டர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகம் கோணியது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. எந்த தேசத்திலும் விளங்கும் அந்த ஒரே சொல்லை, நம்மவர் குரலிலேயே அலறினார்:

"டாய்லெட்! டாய்லெட்!"

உடனே எழுந்தார்; இப்போது அவர் பழையபடி வெல்டர். கம்பி வெட்டும் கட்டரால் நறுக் நறுக்கென்று வெட்டினார். வெளிச்சம் வந்தது, கை நீண்டது, ஆளைத் தூக்கிவிட்டது. அதன் பிறகு மறுபடி நம்மவராக மாறி அவர் ஓடிக் காட்டிய ஓட்டம் இருக்கிறதே, அடடா! வார்த்தையில்லாத சுகம் எதுவென்று எல்லாருக்கும் புரிந்துபோயிற்று.

டீச்சரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மைத்துனர், தான் விழுந்த கால்களை வெறித்துப் பார்த்தார். மனைவி சிரித்தாள். இத்தனை நாளாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தாள். நம்மவர் கொஞ்ச நேரம் விறைப்பாக நின்று பார்த்தார். முடியவில்லை. அவரும் குபீரென்று சிரித்துவிட்டார். ஊர் திரும்பியபின் முதல்முறையாக மனுஷன் மாதிரி சிரித்தார்.

மனைவி பாதி பின்னிய நாற்காலியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"பின்னுங்க சாமி. பயப்படாதீங்க, நாற்காலிக்கு உள்பக்கம் கிடையாது."

வெல்டரும் பின்னுவதற்கு இன்னொரு நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நமக்கென்ன, நாம் பிரம்பு பின்னுகிறவரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன பயணத்தில் உங்களுக்கும் ஒன்று 'நிகழ்ந்ததே', திரும்பி வந்து எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னீர்களே, அப்போது உங்கள் பக்கத்தில் நின்றிருந்தது யார்? முகவரி கொடுத்தீர்களா? "கண்டிப்பா வீட்டுக்கு வரணும்" என்றும் சொன்னீர்களா?

வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள். போய்த் திறங்கள்.